பாக்டீரியோசின்: 'இயற்கை நுண்ணுயிர்க்கொல்லி' அல்ல

மீன், இறால் வளர்ப்பு பற்றித் தமிழில் வரும் துண்டுப் பிரசுரம் எதை எடுத்தாலும், ஒரு பாக்டீரியா தன் போட்டி பாக்டீரியாக்களைத் தாக்கச் சுரக்கும் புரதமான பாக்டீரியோசினுக்கு 'இயற்கை நுண்ணுயிர்க்கொல்லி' என்றுதான் போட்டிருக்கிறார்கள். அண்மையில் பார்த்த ஒன்றில், நன்மை செய்யும் பாக்டீரியா சுரக்கும் நுண்ணுயிர்க்கொல்லி நோயைத் தடுக்கும் என்று ஒரு வரி. நாலு வரி தள்ளி, இதை நுண்ணுயிர்க்கொல்லிகளோடு சேர்த்து இடக்கூடாது என்று இன்னொரு வரி. குளம் வைத்திருப்பவர் என்னதான் செய்வார்? முதலில் சொன்னது பாக்டீரியோசினை, அடுத்துச் சொன்னது ஆன்டிபயாடிக்கை. மொழிபெயர்த்தவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

சொல்லின் கதை சின்னது. 1925இல் பெல்ஜிய ஆய்வாளர் ஆந்த்ரே கிராசியா, ஈ. கோலை பாக்டீரியாவின் ஒரு வகை இன்னொரு வகையை ஒடுக்குவதைக் கண்டார். அந்தப் பொருளுக்குப் பிற்பாடு கோலிசின் என்று பெயர் வந்தது. மற்ற பாக்டீரியாக்களிலும் இப்படிப்பட்டவை தென்படவே, 1953இல் பிரெஞ்சு ஆய்வாளர்களான ஜாகோப், லுவோஃப் குழுவினர் அந்த 'சின்' வாலைப் பாக்டீரியாவோடு ஒட்டிப் பொதுப்பெயர் ஆக்கினார்கள். அவ்வளவுதான்.

பொருள்தான் முக்கியம். பாக்டீரியா, புரதம் கட்டும் தன் ரைபோசோமில் செய்யும் புரதம் இது, பலதும் சிறியவை. பெரும்பாலும் நெருங்கிய உறவுக்கார பாக்டீரியாக்களைத்தான் தாக்கும், பங்காளிச் சண்டை மாதிரி. சுரப்பவனுக்கு அதனால் கெடுதல் வராமல் காக்கத் தனியாக ஒரு புரதமும் உண்டு.

இப்போது 'இயற்கை நுண்ணுயிர்க்கொல்லி'யைப் பிரித்துப் பாருங்கள். 'இயற்கை' என்றால்? பெனிசிலினும் பூஞ்சையிலிருந்து வந்ததுதானே, அது என்ன செயற்கையா? 'நுண்ணுயிர்' என்றால் பூஞ்சை, பாசி எல்லாமே அடக்கம். குளத்து நீரின் பச்சை நிறமே நுண்பாசியால் வருவது, அதைக் காப்பாற்றத்தான் ஆள் பாடுபடுகிறார், அவரிடம் போய் நுண்ணுயிரைக் கொல்லும் சரக்கு என்றால் வாங்குவாரா? அப்புறம் 'கொல்லி'. பிளீச்சிங் பவுடரும் கொல்லி, அயோடினும் கொல்லி, குளோராம்பெனிக்கால் என்ற ஆன்டிபயாடிக்கும் கொல்லி. குளோராம்பெனிக்கால் எச்சம் இறாலில் தெரிந்தால் ஏற்றுமதிச் சரக்கே திரும்பி வரும். அந்தத் தொல்லைக்கு மாற்றாகத் தேடுகிற ஒன்றுக்கு அதே பெயரை வைப்பதை என்னவென்று சொல்ல! பாக்டீரியோசின்கள் எல்லாமே கொன்றும் விடுவதில்லை, சில வளர்ச்சியை நிறுத்துவதோடு சரி.

தனித்தமிழ்ப் பக்கமும் ஒரு குடைச்சல் இருக்கிறது. பாக்டீரியாவே கூடாது, 'கோலுயிரி' என்று எழுது என்பார்கள். கிரேக்கத்தில் சிறு கோல் என்றுதான் பொருள், மறுக்கவில்லை. ஆனால் குளத்தில் தொல்லை தரும் விப்ரியோ வளைந்திருக்கும், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் உருண்டை மணி. ஊரே பாக்டீரியா என்று சொல்லும்போது 'கோலுயிரிக்கொல்லி' என்று எழுதினால், அதற்கு ஒரு விளக்கம் தனியாக எழுத வேண்டும்.

என் கட்சி இது: ஓடுகிற உரையில் பாக்டீரியோசின் என்றே எழுதலாம். தமிழ்ச்சொல் வேண்டுமென்றால் 'பாக்டீரியப் பகைப்புரதம்'. பகை என்பதில் கொல்வதும் அடங்கும், தடுப்பதும் அடங்கும். புரதம் என்று சொல்லிவிட்டாலே, குடலில் செரிமான நொதிகள் இதை வெட்டிவிடக்கூடும், அதனால் தீவனத்தில் கலக்கும்போது யோசிக்க வேண்டும் என்பது பாதி விளங்கிவிடும்.

ஆன்டிபயாடிக்குக்கு நுண்ணுயிர்க்கொல்லி, கிருமிநாசினிக்கும் அதே, இதற்கும் அதே என்று அகராதியில் முதலில் கண்ணில் படுவதைத் தூக்கிப் போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். லாக்டிக் அமில பாக்டீரியா சுரக்கும் நைசின் போன்ற பாக்டீரியோசின்கள், வெளிச்சவ்வு உள்ள கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்களிடம் தனியாகப் போனால் பெரும்பாலும் எடுபடாது. விப்ரியோவும், மீனுக்கு நோய் தரும் ஏரோமோனாசும் அந்தக் கூட்டம்தான். 'கொல்லி' என்று நம்பிப் பணம் போட்டவர் குளத்தில் விப்ரியோ அப்படியே இருந்தால், மொழிபெயர்த்தவரா வந்து பதில் சொல்வார்?