பழைய கண் ஸ்கேனைத் தூக்கிப் போடாதீர்கள்

"ஜன்னல் கம்பி எல்லாம் நடுவுல வளைஞ்சு தெரியுது டாக்டர், கண்ணாடி பவரை மாத்திக் குடுங்க" என்றார் அந்த அம்மா. எழுபதைத் தாண்டியவர். இரண்டு கண்ணிலும் புரை அறுவை முடிந்தவர். வலது கண் நன்றாக இருந்ததால் இடது கண்ணின் கோளாறு எத்தனை நாளாக இருக்கிறதென்று அவருக்கே தெரியவில்லை. வலது கண்ணில் தூசி விழுந்து கசக்கியபோதுதான் கவனித்திருக்கிறார்.

மகள் ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினார். எட்டு மாதத்துக்கு முன் எடுத்த ஓசிடி ஸ்கேன், அதாவது விழித்திரையின் படம். அன்றைக்குப் பாதி வேலையை அந்தக் கவரே முடித்துவிட்டது.

விழித்திரையின் நடுப்பகுதிதான் மாக்குலா. எழுத்துக் கூட்டிப் படிக்கவும், எதிரே வருபவரின் முகம் தெரியவும் அது வேண்டும். வயதாக ஆக அதன் அடியில் 'ட்ரூசன்' என்ற மஞ்சள் படிவுகள் சேரலாம். இப்படி வரும் நோய்க்கு 'வயதுசார் மாக்குலா சிதைவு' என்று பெயர். பெரும்பாலோருக்கு இது உலர் வகையாக மெதுவாகப் போகும். சிலருக்கு அடியிலிருந்து புது ரத்தக்குழாய்கள் முளைத்து நீரும் ரத்தமும் கசியும். இந்த ஈர வகை சில வாரங்களிலேயே நடுப்பார்வையைப் பறித்துவிடும். "எனக்குத்தான் சர்க்கரை இல்லையே, விழித்திரையை எதுக்குப் பார்க்கணும்?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்த நோய்க்குச் சர்க்கரை வேண்டாம், வயது போதும். புகைப்பழக்கம் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

ஓசிடி 1991-ல் அறிமுகமானது. ஒளியை அனுப்பி, திரும்பி வரும் ஒளியை வைத்து விழித்திரையைக் குறுக்கே வெட்டிப் பார்த்ததுபோல் படமாக்கும். வலி இல்லை, சில நொடி வேலை. அந்த அம்மாவின் பழைய படத்தில் அடிக்கோட்டில் சின்னச் சின்ன மேடுகள், அவ்வளவுதான். புதுப் படத்தில் அதே மேடுகளுக்கு மேல் கறுப்பாக ஒரு திட்டு. அது நீர். புதுப் படம் மட்டும் இருந்தாலும் நீர் தெரிந்திருக்கும். ஆனால் எட்டு மாதத்துக்குள் வந்தது என்று அடித்துச் சொல்லியிருக்க முடியாது. அந்த வாரமே கண்ணுக்குள் ஊசி போட ஆரம்பித்தோம்.

முதல் மூன்று ஊசி பொதுவாக மாதம் ஒன்று. பிறகு இடைவெளியை ஸ்கேன் பார்த்து முடிவு செய்வோம். "பார்வை தெளிஞ்சிடுச்சே" என்று பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். பார்வை மங்குவதற்கு முன்பே ஸ்கேனில் நீர் திரும்பியிருப்பதை எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் தினமும் ஒவ்வொரு கண்ணாகப் பொத்திக்கொண்டு, காலண்டர் கட்டங்களையோ டைல்ஸ் கோடுகளையோ பாருங்கள். கோடு நெளிந்தாலோ நடுவில் மறைத்தாலோ அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்காமல் உடனே வாருங்கள்.

"ஸ்கேனை மொபைல்ல போட்டோ எடுத்து வச்சா போதுமா டாக்டர்?" என்று மகள் கேட்டார். ஒன்றுமே இல்லாததற்கு அது மேல். ஆனால் தாளில் அச்சாவது ஓரிரு வெட்டுகள்தான், இயந்திரத்துக்குள் இன்னும் நிறைய இருக்கும். விழித்திரையின் தடிமன் கணக்கும் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். அதனால் முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே இயந்திரத்தில் எடுங்கள். ஊர் மாறினால் முழு ஃபைலையும் பென் டிரைவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.