ஓவர் ஆக்டிங்: சிவாஜி மேல் ஒட்டிய சொல்லும் அதற்குச் சரியான தமிழும்

ஓவர் ஆக்டிங் என்ற சொல் எத்தனையோ நடிகர்கள் மேல் விழுந்திருக்கிறது, ஒட்டிக்கொண்டது மட்டும் சிவாஜி கணேசன் மேல்தான். குமரி மாவட்டத்துக் கேரள எல்லையில், எங்கள் மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பக்கம் அவர் பேச்சை எடுத்தால் போதும், கடைத் திண்ணை ரெண்டாகிவிடும். "புள்ளி கொஞ்சம் ஓவராக்குதாரு மாமா" என்பான் மருமகன். "லே, ஒனக்கு என்னல தெரியும், கட்டபொம்மன் தியேட்டர்ல பாத்திருக்கியா?" என்பார் மாமா. கட்டபொம்மன் வந்தது 1959இல், மருமகனின் அப்பாவே அப்போது பிறந்திருக்க மாட்டார். இதில் யார் சரி என்பதை அப்புறம் பார்க்கலாம், முதலில் அந்த 'ஓவராக்குதாரு'வைப் பிடிப்போம். அது பாதி இங்கிலீஷ், பாதி எல்லைப் பேச்சு. களியக்காவிளை செக்போஸ்டைத் தாண்டினால் 'ஓவராக்கல்லே' என்பது வீட்டுக்கு வீடு புழங்கும் மலையாளம், நாம் அதையே நம் விகுதி போட்டுச் சொல்கிறோம்.

ஆக்ட் என்பதன் பின்னால் இருப்பது 'செய்' என்று பொருள்படும் லத்தீன் வேர். அளவுக்கு மேல் செய்தால் ஓவர் ஆக்ட், இங்கிலீஷில் அது 17ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கும் சொல். தமிழில் மிகைநடிப்பு என்று எழுதுகிறோம். மலையாளத்தில் அமிதாபிநயம். அகராதியைப் பார்த்தால் மூன்றும் ஒன்றுதான், ஆனால் மூன்றும் ஒரே குறையைச் சொல்லவில்லை என்பது என் கட்சி. சிவாஜியைப் பற்றிய சண்டை தீராமல் இழுத்துக்கொண்டு போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மலையாளச் சொல்லில் இருந்து தொடங்கலாம். அபிநயம் என்பது வடசொல்: 'அபி' என்றால் நோக்கி, 'நீ' என்ற வேருக்குக் கொண்டுசெல் என்று பொருள். பார்க்கிறவனைப் பொருளை நோக்கிக் கூட்டிக்கொண்டு போவதுதான் அபிநயம். மலையாளத்தில் சினிமா நடிப்பு, நாடக நடிப்பு, கதகளி எல்லாமே அபிநயம்தான். தமிழிலும் சிலப்பதிகாரக் காலத்தில் அவிநயம் என்று பெரிதாக இருந்த சொல், இப்போது பரதநாட்டிய மேடையோடு சுருங்கிவிட்டது. அந்த வேர்ப்பொருளை வைத்துப் பார்த்தால் அமிதாபிநயம் என்பது, தன் காலால் நடந்து வரத் தெரிந்த ஆளைத் தோளில் தூக்கிக்கொண்டு போவது. சிவாஜி பிடிக்கவில்லை என்கிறவர்களைக் கொஞ்சம் பேச விட்டுக் கேளுங்கள், கிட்டத்தட்ட இதைத்தான் சொல்வார்கள். "எனக்கே புரியுது, அவரு ஏன் இவ்வளவு சொல்லுதாரு?"

தமிழ்ச் சொல்லின் கதை வேறு. நடி என்பது தமிழ் 'நட'விலிருந்து வந்ததா, சமஸ்கிருத 'நட்' வேரா என்று அறிஞர்கள் அடித்துக்கொள்கிறார்கள், அதற்குள் நான் போகவில்லை. புழக்கத்தைப் பார்ப்போம். வீட்டில் பிள்ளை வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டால் அம்மா சொல்வது என்ன? "நடிக்காத." பாரதி போலித் தேசபக்தர்களைத் திட்டி எழுதிய பாட்டுக்கு வைத்த தலைப்பு 'நடிப்புச் சுதேசிகள்'. தமிழ்க் காதுக்கு நடிப்பு என்றாலே பாதிப் பொய். அதன் தலையில் மிகையையும் ஏற்றினால் 'மிகைநடிப்பு' என்பது அளவுக்கு மீறியது என்பதோடு நிற்காமல், உண்மையில்லாதது என்ற பழியையும் சேர்த்துச் சுமத்திவிடுகிறது. சிவாஜி ரசிகர்களுக்குக் கோபம் வருவது இங்கேதான். அளவு கூடுதல் என்றால் ஒருவேளை ஒத்துக்கொள்வார்கள், பொய் என்றால் அடிக்க வருவார்கள். (எங்கள் வீட்டிலேயே ஒருவர் வருவார்.)

சரி, மிகை என்றாலே குற்றமா? நன்னூல் பத்துக் குற்றங்களைச் சொல்கிறது. முதலாவது குன்றக் கூறல், ரெண்டாவது மிகைபடக் கூறல். குறைத்துச் சொல்வதும் குற்றம் என்று முதலிலேயே வைத்துவிட்டார்கள், இது இன்றைக்கு முகத்தில் ஒன்றுமே காட்டாமல் நிற்பதெல்லாம் இயல்பான நடிப்பு என்று நம்புகிறவர்களுக்கும் சேர்த்துத்தான். ஆனால் இதே தமிழ் இலக்கணத்தில் உயர்வு நவிற்சி என்று ஒரு அணியும் இருக்கிறது. வான் தொடும் மாடம் என்று கவிஞர் பாடினால் பொய் என்று யாரும் வழக்குப் போடுவதில்லை, அது அழகு. ஆக, கூட்டிச் சொல்வதற்குத் தமிழில் ரெண்டு பெயர்: தேவையில்லாமல் கூட்டினால் குற்றம், தெரிந்து கூட்டினால் அணி. ஓவர் என்ற ஒற்றைச் சொல் இந்த ரெண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறது.

சிவாஜி கூட்டியது தெரியாமல் அல்ல. சின்னப் பையனாக நாடகக் கம்பெனியில் சேர்ந்து, பெண் வேடம் போட்டு வளர்ந்த ஆள். அண்ணா எழுதிய நாடகத்தில் சத்ரபதி சிவாஜியாக நடித்ததைப் பார்த்துப் பெரியார் கொடுத்த பெயர்தான் சிவாஜி. அந்தக் கம்பெனி மேடைக்கு ஒரு கணக்கு உண்டு: கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கு முகம் சரியாகத் தெரியாது, ஆகவே கையும் கழுத்தும் தோளும் பேச வேண்டும், குரல் அவன் வரைக்கும் போக வேண்டும். அதற்கு முந்தைய தலைமுறையில் அந்த வேலையைப் பாட்டு செய்தது. நாடக மேடையில் பாடி நடித்த செங்கோட்டை கிட்டப்பா குரலை எடுத்தால் கொட்டகையே கட்டுப்பட்டது என்பார்கள், எங்கள் பக்கத்தைப் போலவே அந்தச் செங்கோட்டையும் அப்போது திருவிதாங்கூரில்தான் இருந்தது. 1952 தீபாவளிக்குப் பராசக்தி வந்தபோது பாட்டு உட்கார்ந்திருந்த நாற்காலியில் வசனம் உட்கார்ந்துகொண்டது. அந்த நீதிமன்றக் காட்சியைப் பேச்சு என்று கேட்டால் ஓவர்தான், யார் அப்படிப் பேசுகிறார்கள்? பாட்டு மாதிரி கேட்க வேண்டும், ஏற்றம் இறக்கம் மூச்சு எல்லாம் அளந்து வைத்தது அது.

இதற்குத் தொல்காப்பியத்தில் ஒரு சோடிச் சொல் இருக்கிறது: நாடக வழக்கு, உலகியல் வழக்கு. தொல்காப்பியர் பேசுவது அகப்பாட்டைப் பற்றி, நடிப்பைப் பற்றியல்ல. நான்தான் கடன் வாங்குகிறேன். நடப்பதை நடப்பது போலவே சொல்வது உலகியல், புனைந்து உயர்த்திச் சொல்வது நாடகம், நல்ல பாட்டுக்கு ரெண்டும் வேண்டும் என்கிறார். சிவாஜியின் பெரிய படங்களில் பல நாடக வழக்கு. பிடிக்காதவர்களின் கண் உலகியல் வழக்கில் பழகிய கண். அதில் ஒரு தவறும் இல்லை.

எங்கள் பக்கத்தில் அந்தக் கண் எப்படி வந்தது என்பதற்கு வரலாறே இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரைக்கும் கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சி. பழைய ஆட்களில் பலர் மலையாளம் படித்தவர்கள், திருவனந்தபுரம் போய்ப் படம் பார்த்தவர்கள். மதுரையிலும் தஞ்சாவூரிலும் கழகப் பொதுக்கூட்டத்தில் அடுக்குமொழி கேட்டு வளர்ந்த காது அவர்களுக்கு வாய்க்கவில்லை. அவர்களுக்கு நடிகர் என்றால் மலையாளத்துச் சத்யன். வாத்தியாராக, பட்டாளத்துக்காரராக, போலீஸாக இருந்துவிட்டுச் சினிமாவுக்கு வந்தவர், மேடையில் குரல் பழகி வந்தவர் அல்ல. சும்மா நின்றாலே கனமாக இருக்கும்.

ரெண்டு பேரையும் ஒரே தராசில் வைக்க ஒரு வசதி உண்டு. கேசவதேவ் நாவலை வைத்துச் சேதுமாதவன் 1965இல் எடுத்த 'ஓடையில் நின்னு', அதில் ரிக்‌ஷாக்காரர் பப்புவாக சத்யன். அதே கதை 1971இல் தமிழில் 'பாபு', ரிக்‌ஷாக்காரராக சிவாஜி. ரெண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். சத்யனின் கோபம் தாடையில் நின்றுவிடும், சிவாஜியுடையது உடம்பு முழுக்க வரும். எனக்கு இதில் சத்யன்தான் ஒரு படி மேல். ஆனால் 'வரதப்பா வரதப்பா கஞ்சி வருதப்பா' என்று பசியைக் கும்மாளமாக்கும் இடம் சத்யன் பாணியில் நடக்கவே நடக்காது, அதற்கு அந்த மனுஷன்தான் வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. சிவாஜியை ஓவர் என்கிற அதே ஆட்கள், திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் திருவிழாவில் கதகளி என்றால் பாய் விரித்து உட்காருவார்கள். கண் சிவக்க இமைக்குள் சுண்டப்பூ விதையைப் போட்டுக்கொண்டு, கன்னமும் புருவமும் தனித்தனியாகத் துடிக்க, ஒரு பதத்தையே நெடுநேரம் இழுத்து ஆடும் துரியோதனனை யாராவது அமிதாபிநயம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? பச்சைச் சாயமும் கிரீடமும் போட்டால் நாடக வழக்கு என்று மனம் தானே ஒத்துக்கொள்கிறது. பேண்ட் சட்டை போட்டு சோபாவில் உட்கார்ந்து ஒருவர் அதையே செய்தால் இடிக்கிறது. கர்ணனையும் கட்டபொம்மனையும் சும்மா விட்டுவிட்டுச் சிவாஜியின் குடும்பப் படங்களைத்தான் பலர் குறைசொல்கிறார்கள் என்பதைக் கவனித்தால் இது விளங்கும். மொழி தெரிந்தால்தான் ரசிக்க முடியும் என்பதும் முழு உண்மையில்லை. கட்டபொம்மனுக்காக 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கப் பட விழாவில் அவருக்குச் சிறந்த நடிகர் விருது கொடுத்தவர்களுக்குத் தமிழ் எங்கே தெரியும்?

பிடிக்காதவர்கள் பக்கம் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. அதற்குப் பெயர் மிகை இல்லை. நன்னூல் பட்டியலில் மூன்றாவதாக நிற்கும் கூறியது கூறல். அம்மா செத்துப்போனாள் என்று வசனம் சொல்கிறது, அதையே குரல் உடைந்து சொல்கிறது, உதடு துடித்துச் சொல்கிறது, கை தூணைப் பிடித்துச் சொல்கிறது, போதாததற்கு வயலின் கூட்டம் வேறு வந்து சொல்கிறது. ஒரே சேதி அஞ்சு தபாலில். பார்க்கிறவனுக்கு அலுப்பு வருவது இதனால்தான். வசனம் எழுதியவர், இசை போட்டவர், குளோசப் வைத்தவர் எல்லோருக்கும் இதில் பங்குண்டு, பழி மட்டும் முகத்தைக் காட்டியவருக்கு.

அந்தத் தபாலில் ரெண்டு மூன்றை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு 1968இல் வந்த தில்லானா மோகனாம்பாள் இருக்கிறது, 'நலந்தானா' பாட்டு. காயம்பட்டு எழுந்து வந்திருக்கும் நாகஸ்வரக்காரன். கேள்வி கேட்டு ஆடுவது பூஜப்புரையில் பிறந்த பத்மினி, இசை நாகர்கோவில் கிருஷ்ணன்கோவிலில் பிறந்த கே.வி. மகாதேவன் (எல்லைக்காரர்களுக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு, மறைப்பானேன்). சிவாஜியின் வாயில் நாகஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளி. பேச வழியில்லை, ரெண்டு கையும் துளைகளில். மிச்சம் இருப்பது கண்ணும் புருவமும் கழுத்து நரம்பும்தான். அதை வைத்துக்கொண்டே நலம் என்றும் சொல்கிறார், நலமில்லை என்றும் சொல்கிறார், இத்தனை பேர் முன்னால் கேட்கிறாயே என்றும் சொல்கிறார். ஊதுகிற கன்னத்தைப் பாருங்கள், வாசிப்பது எம்.பி.என். சகோதரர்கள் என்பது மறந்தே போகும். இதை மிகைநடிப்பு என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, இத்தனைக்கும் அவர் கூட்டியிருப்பது கொஞ்சமில்லை.

பிற்காலத்தில் முதல் மரியாதையும் (1985) தேவர் மகனும் (1992) வந்தன. தேவர் மகனை இயக்கியவர் மலையாளத்துப் பரதன். எங்கள் ஊர் சத்யன் கட்சிக்காரர்கள்கூட வாயை மூடிக்கொண்டது அந்தப் படத்துக்குத்தான். 1997இல் மோகன்லாலோடு 'ஒரு யாத்ராமொழி'யிலும் நடித்தார், அதைப் பற்றி இங்கே அதிகம் பேச்சில்லை.

இப்போதைய பையன்களுக்குச் சிவாஜி முழுப்படமாக வருவதே இல்லை, போனில் அரை நிமிஷத் துண்டாக வருகிறார். ரெண்டே கால் மணி நேரம் ஏறி ஏறி வந்து உச்சத்தில் வெடிக்கும் அழுகையை மட்டும் வெட்டி, மேலே சிரிப்பு இசை போட்டு அனுப்பினால் யார் அழுதாலும் ஓவர்தான். அவர்களைக் குறைசொல்லி என்ன செய்ய, தலையும் காலும் இல்லாமல்தானே கையில் வந்து சேர்கிறது.

ஆக, எந்த இடத்தில் எந்தச் சொல்? பாத்திரம் கேட்டதற்கு மேல் ஒருவர் கொட்டினால் மிகைநடிப்பு, அதில் தகராறில்லை. சிவாஜியிலும் அப்படிப்பட்ட படங்கள் உண்டு, எழுபதுகளில் தாராளமாகவே உண்டு. மேடை மரபில் வேண்டுமென்றே உயர்த்திச் செய்தால் நாடகப் பாணி என்று எழுதலாம், நாடகத்தனம் என்று எழுதக் கூடாது, 'தனம்' சேர்ந்தாலே திட்டாகிவிடுகிறது. ஒரே உணர்ச்சியை நாலு பக்கமும் நின்று சொன்னால் கூறியது கூறல். அப்புறம், வீட்டில் சின்னக் காயத்துக்கு ஊரைக் கூட்டுகிறவனைப் பார்த்து ஓவர் ஆக்டிங் பண்ணாதே என்கிறோமே, அதற்குச் சினிமாச் சொல்லே தேவையில்லை. அலட்டாதே என்றால் போதும். 'சீன் போடாதே' என்பதைத் தமிழ் இல்லை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு, ஆனால் நாடகக் கம்பெனியில் தீட்டிய படுதாவுக்குச் சீன் என்றுதான் பெயர், அதனால் அதை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.