அமைதிக் காலத்துப் படைகளில் விபத்து எங்கிருந்து வருகிறது

ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளுக்கான பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் ஓசூரைச் சேர்த்த நாளிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ராணுவம் என்று பேச்செடுத்தாலே தொழிற்சாலை, ஆர்டர், வேலைவாய்ப்பு என்றுதான் போகிறது. சென்னை, கோவை, சேலம், திருச்சியோடு ஓசூரும் அந்த ஐந்து மையங்களில் ஒன்று. பேசுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் படைக்கு ஒதுக்கும் பணத்தில் புதுத் தளவாடம் வாங்குவது ஒரு பங்குதான். வாங்கியதை ஓட்டிப் பழக, பழுது பார்க்க, சுட்டுப் பயிற்சி எடுக்க வேறு பணம் வேண்டும். அது குறைந்தால் என்ன ஆகும் என்பது பெரிய நாடுகளில் சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. சின்ன நாடுகளில் பளிச்சென்று தெரியும்.

முதலில் பணத்தைப் பார்ப்போம். 2024-25 மத்திய பட்ஜெட்டில் நம் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒதுக்கியது சுமார் 6.21 லட்சம் கோடி ரூபாய். அதை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், சம்பளத்துக்கும் படிகளுக்கும் சுமார் 31 ரூபாய், ஓய்வூதியத்துக்குச் சுமார் 23, புதிய கருவிகள் உள்ளிட்ட மூலதனச் செலவுக்குச் சுமார் 28. உதிரி பாகம், பராமரிப்பு, அன்றாடத் தயார்நிலைக்கு வேண்டிய மற்றவை என்று எல்லாம் சேர்த்துச் சுமார் 15 ரூபாய். மிச்சம் சிவில் அமைப்புகளுக்குப் போகிறது.

பங்குகள் நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் கஜானா இறுகும்போது நடப்பது எங்கும் ஒன்றுதான். சம்பளத்தில் கை வைக்க முடியாது. ஓய்வூதியம் கொடுத்தே ஆக வேண்டும். கையெழுத்தான ஒப்பந்தத்துக்குத் தவணை கட்டாவிட்டால் அபராதம். இந்த வருடமே வெட்டக்கூடியது அந்தப் பதினைந்து ரூபாய் மட்டும்தான். வெட்டினாலும் உடனே ஒன்றும் ஆகாது. அணிவகுப்பில் வண்டிகள் பளபளவென்றுதான் வரும், விமானங்கள் வரிசை கட்டிப் பறக்கும்.

நம் ஊர் மாங்கூழ் கம்பெனிகளை நினைத்துப் பாருங்கள். பெங்களூரா மாங்காய் வரத்து இருக்கும் சில மாதங்கள்தான் ஓட்டம், மற்ற மாதங்களில் கேட் பூட்டியிருக்கும். அந்தச் சும்மா இருக்கும் மாதங்களில் பாய்லர் குழாயைச் சோதிக்க, வால்வு மாற்ற, பழைய ஆப்பரேட்டரை வேறு ஊருக்குப் போகவிடாமல் பிடித்து வைக்கப் பணம் செலவாகும். அதை ஒரு முதலாளி மிச்சம் பிடித்தால், லாரிகள் வாசலில் வரிசை கட்டி நிற்கும் முதல் வாரம் வரை யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அமைதிக் காலப் படையும் இந்த நிலையில்தான் இருக்கிறது. ஒரு வித்தியாசம், படைக்கு சீசன் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

பணக்குறைவு எப்படி விபத்தாக மாறுகிறது? மனிதனின் திறமை மங்கும் விதத்தில் இருக்கிறது விடை. உடம்பு தொடர்ந்து செய்யும் அசைவுகள், அதாவது நீச்சல், ஸ்டீயரிங் பிடிப்பது போன்றவை, சீக்கிரம் மறக்காது. படிப்படியாகச் செய்யும் வேலைகள் அப்படி இல்லை. முதலில் இந்த சுவிட்ச், அடுத்து அந்த விளக்கு எரிகிறதா, பிறகு இந்தக் கதவை அடை என்று வரிசையாகப் போகும் வேலையில், சில மாதம் கை படாவிட்டாலே நடுவில் ஒரு படி நழுவிவிடும். செய்பவருக்கு அது நழுவியது தெரியாது, தெரியும் என்ற நம்பிக்கை மட்டும் அப்படியே இருக்கும். அவசர காலத்தில் செய்ய வேண்டிய வேலைகளோ பெரும்பாலும் இந்த இரண்டாவது ரகம். அதனால்தான் போர் விமானிக்கு ஆண்டுக்குச் சுமார் 180 மணி நேரம் பறப்பு வேண்டும் என்ற அளவுகோல் நேட்டோ என்ற ராணுவக் கூட்டணி நாடுகளில் நெடுநாளாகப் பேசப்படுகிறது.

எரிபொருளும் உதிரி பாகமும் குறைந்தால் பயிற்சி நேரம் குறையும். இளையவர்கள் தகுதி பெறத் தாமதமாகும், ஆள் பற்றாக்குறை வரும். பற்றாக்குறையைச் சமாளிக்க, தகுதிச் சான்றைக் கொஞ்சம் முன்கூட்டியே கொடுக்கத் தொடங்குவார்கள். அப்புறம், அப்படிச் சான்று வாங்கியவரே அடுத்தவருக்குப் பயிற்சி கொடுப்பவராகவும் ஆகிவிடுவார். பட்டறையிலும் இதே கதை. பாகம் கிடைக்காவிட்டால் ஓரமாக நிற்கும் ஒரு ஹெலிகாப்டரிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டுவார்கள். ஒரு தடவை செய்ய வேண்டிய வேலை இரண்டு தடவையாகிறது, தப்பு நடக்கும் வாய்ப்பும் கூடவே ஏறுகிறது.

சின்ன நாட்டுக்கு இன்னொரு சுமையும் உண்டு. ஒரு வகைக் கப்பல் ஐந்து இருந்தாலும் ஐம்பது இருந்தாலும் அதற்குப் பயிற்சிக் கூடம் ஒன்று வேண்டும், விதிமுறை எழுதும் நிபுணர்கள் வேண்டும், விபத்தை ஆராயும் குழு வேண்டும். செலவைப் பங்கு போட ஐந்தே கப்பல் என்றால் ஒவ்வொன்றின் தலையிலும் பாரம் அதிகம். அனுபவமுள்ள நாலு பேர் எண்ணெய்க் கம்பெனி வேலைக்குப் போய்விட்டால் அந்த இடத்தை நிரப்பப் பின்னால் ஆள் இருக்காது.

ஐந்து கப்பல் என்று சும்மா சொல்லவில்லை. சுமார் 55 லட்சம் மக்கள் உள்ள நார்வேயிடம் ஐந்தே ஃபிரிகேட் போர்க்கப்பல்கள் இருந்தன. 2018 நவம்பர் 8 அன்று விடியற்காலை 4 மணிக்கு, பெரிய நேட்டோ போர்ப்பயிற்சி ஒன்றை முடித்துவிட்டுத் திரும்பிய ‘ஹெல்கே இங்ஸ்டாட்’ என்ற கப்பல், ‘சோலா டிஎஸ்’ என்ற கச்சா எண்ணெய் டாங்கர் மீது மோதியது. போர் இல்லை, புயல் இல்லை, ராடாரும் வேலை செய்தது.

அந்தக் கடைசி நிமிடங்களைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். கப்பலைச் செலுத்தும் அறையில் ஒரு அதிகாரியிடமிருந்து அடுத்தவருக்குப் பொறுப்பு கைமாறியபோது, கரையிலிருந்த எண்ணெய் முனையத்தில் டாங்கர் கட்டப்பட்டிருந்தது. தூரத்தில் ஒரு விளக்குக் கூட்டம், அசையாத பொருள். அந்த எண்ணம் புது அதிகாரியின் மனதில் பதிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் டாங்கர் புறப்பட்டது. அதன் மேல்தளத்தில் பெரிய விளக்குகள் எரிந்துகொண்டிருந்ததால், நகரும் கப்பல் என்று காட்டும் சிறிய விளக்குகள் அந்த வெளிச்சத்தில் எடுபடவில்லை. வலப்பக்கம் திரும்புங்கள் என்று டாங்கரிலிருந்து வானொலியில் கூப்பிட்டார்கள். திரும்பினால் கரைப் பக்கம் இருக்கும் அந்தப் பொருளில் இடித்துவிடுவோம் என்றுதான் போர்க்கப்பலில் இருந்தவர்கள் நினைத்தார்கள். தாங்கள் பேசிக்கொண்டிருப்பதே அந்தப் ‘பொருளோடு’தான் என்பது அவர்களுக்குப் புரியவில்லை. அதே நேரம் அந்த அறையில் இளையவர்களுக்குப் பயிற்சியும் நடந்துகொண்டிருந்தது.

நார்வே விபத்து விசாரணை அமைப்பு தந்த அறிக்கையில் நான் திரும்பத் திரும்பப் படித்த பகுதி ஒன்று உண்டு. தகுதியுள்ள மாலுமி அதிகாரிகள் பற்றாக்குறையாக இருந்ததால், முன்பைவிடச் சீக்கிரமாகவே, குறைந்த அனுபவத்தோடு சான்று கொடுக்கப்பட்டது. அனுபவம் குறைந்தவர்களிடமே பயிற்சி கொடுக்கும் பொறுப்பும் போனது என்கிறது அது. மேலே சொன்ன சங்கிலி அப்படியே அதில் இருக்கிறது. குறைந்த ஆட்களை வைத்து ஓட்டும் திட்டத்துக்கு எவ்வளவு திறமை வேண்டுமோ அது இல்லை என்றும் அறிக்கை சொல்கிறது. ஆளைக் குறைத்தால் மிஞ்சியிருக்கும் ஒவ்வொருவரும் கூடுதல் திறமைசாலியாக இருக்க வேண்டும். அதற்குப் பயிற்சிச் செலவு கூடும். சேமிப்புக் கணக்குப் போடும்போது இந்த வரி விட்டுப்போவது வழக்கம்.

மோதலுக்குப் பிறகு நடந்ததும் பாடம்தான். போர்க்கப்பலின் உடல் நீர் புகாத அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும், ஒன்றிரண்டு அறைகளில் தண்ணீர் நிறைந்தாலும் கப்பல் மிதக்கும். இங்கே புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டுகள் உள்ளீடற்ற குழாய்களாக இருந்தன. ஜெனரேட்டர் அறையில் புகுந்த தண்ணீர் அந்தக் குழாய் வழியாகவே கியர் அறைக்குப் போய், அங்கிருந்து இன்ஜின் அறைகளுக்குப் பரவியது. கப்பலைக் கைவிட்டபோது கதவுகளையும் மூடிகளையும் முறைப்படி அடைத்திருந்தால் மூழ்காமல் இருந்திருக்கும் என்று பின்னால் வந்த இரண்டாம் அறிக்கை கணக்கிட்டது. கதவை அடைப்பது அந்தப் படிவரிசை வேலைகளில் ஒன்று. கப்பலில் இருந்த 137 பேரும் உயிர் தப்பினார்கள். ஆனால் நாட்டின் ஃபிரிகேட்களில் ஐந்தில் ஒன்று ஒரே காலையில் இல்லாமல் போனது.

நியூசிலாந்தில் நடந்ததும் இதற்கு நெருக்கமானது. 2024 அக்டோபரில் பசிபிக் தீவு நாடான சமோவாவின் கடலோரம் பவளப்பாறையை அளந்துகொண்டிருந்த ‘மனாவானுய்’ கடற்படைக் கப்பல் பாறையில் ஏறி மறுநாள் மூழ்கியது. தானியங்கி ஓட்டம் இன்னும் இயக்கத்தில் இருப்பதை மறந்து, எந்திரம்தான் பழுது என்று கப்பலில் இருந்தவர்கள் நினைத்துவிட்டார்கள். 75 பேரும் பிழைத்தார்கள். கடலடி அளவைக்கும் முக்குளிப்புப் பணிக்கும் அந்த நாட்டுக் கடற்படையிடம் இருந்த ஒரே கப்பல் அது.

பணத்தைக் கொட்டினால் எல்லாம் சரியாகிவிடுமா? சிங்கப்பூரைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியவில்லை. மொத்த உற்பத்தியில் சுமார் 3 சதவீதத்தை அது பாதுகாப்புக்குச் செலவிடுகிறது. அதன் பற்றாக்குறை நிலத்திலும் நேரத்திலும். பரப்பளவு சுமார் 735 சதுர கிலோமீட்டர். நம் தருமபுரி மாவட்டத்தில் ஆறில் ஒரு பங்கு. பீரங்கியை முழுத் தூரத்துக்குச் சுட்டுப் பழக அங்கே இடமே இல்லை, ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போக வேண்டும். படையில் பெரும்பகுதி கட்டாயச் சேவை முடித்துவிட்டு வேறு வேலைக்குப் போனவர்கள், ஆண்டுக்கு அதிகபட்சம் 40 நாள் திரும்ப வருகிறவர்கள். குடும்பத்தையும் வேலையையும் விட்டு வந்தவர் சில வாரத்துக்குள் எல்லாவற்றையும் நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். 2019 ஜனவரியில் நியூசிலாந்தின் வையோரு பயிற்சிக் களத்தில், தானியங்கிப் பீரங்கி வண்டிக்குள் பழுது பார்க்கும்போது குழல் கீழிறங்கி நசுக்கியதில் நடிகர் அலோசியஸ் பாங் உயிரிழந்தார். அவரும் அப்படித் திரும்ப அழைக்கப்பட்டவர்தான். அதற்குப் பிறகு சிங்கப்பூர் பயிற்சியின் வேகத்தைக் குறைத்தது. பாதுகாப்பு விதிகள் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று பார்க்க, படைத் தலைவருக்கு நேரடியாகப் பதில் சொல்லும் தனி அலுவலகத்தையும் அமைத்தது. கீழே இருப்பவர் தயங்காமல் ‘நிறுத்துங்கள்’ என்று சொல்ல முடிகிற அமைப்பு, எந்தப் புது எந்திரத்தையும்விட மேல் என்பது என் கருத்து.

கடைசியாக ஒன்று. இது தருமபுரி, அரூர், பாலக்கோடு மைதானங்களில் ஆள்சேர்ப்பு முகாமுக்காக 1.6 கிலோமீட்டர் ஓடிப் பழகும் பிள்ளைகளுக்கும் நேரடியாகப் பொருந்தும். 2018 ஏப்ரலில் சிங்கப்பூரில் 8 கிலோமீட்டர் வேக நடை முடித்த 19 வயதுச் சிப்பாய் ஒருவர் வெப்பவாதத்தால், அதாவது உடம்பின் சூடு எல்லை மீறும் ‘ஹீட் ஸ்ட்ரோக்’கால் இறந்தார். தசை செலவழிக்கும் ஆற்றலில் பெரும்பங்கு வெப்பமாகத்தான் வெளிவருகிறது. அதை வியர்வை ஆவியாகி வெளியேற்ற வேண்டும். காற்றில் ஈரம் அதிகமென்றால் வியர்வை சொட்டுமே தவிர ஆவியாகாது. ஆகவே வெறும் வெப்பமானி போதாது. 1950களில் அமெரிக்க மரைன் படையின் பாரிஸ் ஐலண்ட் பயிற்சி முகாமில் வெப்பச் சாவுகளைக் குறைக்க ஒரு கணக்கு வந்தது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 சதவீதம், வெயிலில் வைத்த கறுப்பு உருண்டைக்குள் இருக்கும் வெப்பமானிக்கு 20 சதவீதம், நிழலில் உள்ள சாதாரண வெப்பமானிக்கு 10 சதவீதம் மதிப்புக் கொடுத்துக் கூட்ட வேண்டும். அந்த எண் ஏற ஏற ஓட்டத்தைக் குறைத்து ஓய்வைக் கூட்டுவார்கள், ஒரு அளவுக்கு மேல் பயிற்சியே கிடையாது. கருவி மலிவு. அன்றைய பயிற்சியைத் தள்ளிப்போட அதிகாரிக்கு மனம் வர வேண்டும், அதுதான் கஷ்டம்.

ஓடுகிறவர் தள்ளாடினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, எரிந்து விழுந்தாலோ அதைச் சோர்வு என்று விட்டுவிடாதீர்கள். உடம்பின் உட்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். வியர்வை இன்னும் வழிகிறதே என்று நம்பவும் வேண்டாம், உழைப்பால் வரும் வெப்பவாதத்தில் வியர்வை நிற்காமலும் இருக்கும். சட்டையைக் கழற்றி, கழுத்து வரை குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் உட்கார வைத்து, தலை சாயாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஐஸ் கிடைத்தால் அதையும் தொட்டியில் போடலாம். தொட்டி இல்லாவிட்டால் மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டே விசிற வேண்டும். நினைவு தடுமாறுகிறவருக்குக் குடிக்க எதுவும் கொடுக்கக் கூடாது. 108க்கு ஒருவர் போன் போடட்டும், வண்டி வரும்வரை மற்றவர்கள் குளிர வைப்பதை நிறுத்தக் கூடாது. முதல் அரை மணி நேரத்துக்குள் சூடு இறங்கினால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம்.