புலமுதல்வர் நாற்காலியும் 'பார்க்கலாம்' என்ற சொல்லும்

போன வாரம் இரவு ஒன்பதரை மணிக்கு ஓர் அழைப்பு. பொறுப்பேற்று நான்கு மாதம்கூட ஆகாத ஒரு கல்லூரிப் புலமுதல்வர் (டீன்). "ஐயா, எழுதிக் கொடுத்துவிட்டுத் துறைக்கே திரும்பிவிடலாம் என்று இருக்கிறேன்" என்றார். பழைய வட ஆர்க்காட்டுப் பக்கத்தில் புதிதாகப் பொறுப்புக்கு வருபவர்களுக்கு ஓய்வுக்குப் பிறகு நான் வழிகாட்டி வருகிறேன். இந்தக் கல்வியாண்டில் இது மூன்றாவது அழைப்பு. மூன்று பேருக்கும் நோய் ஒன்றுதான் என்பதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

அவருடைய சிக்கல் தொடங்கியது முதல் பாடவேளையில். அரக்கோணத்திலிருந்தும் ஜோலார்பேட்டையிலிருந்தும் ரயிலில் வந்து காட்பாடியில் இறங்கும் ஆசிரியர்களுக்கு முதல் மணி நேரம் வேண்டாம். உள்ளூர்க்காரர்களும் பக்கத்து ஊர்களிலிருந்து வருபவர்களுமே அதைச் சுமக்கிறார்கள். குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஆசிரியை ஒருவர் கால அட்டவணையை மாற்றக் கேட்டு மனு கொடுத்தார். இவர் "பார்க்கலாம் அம்மா" என்றார். மனு இன்னும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. இதற்கிடையே இரண்டு துறைத் தலைவர்கள் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். அவர்கள் செய்யாத வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு இவர் இரவு வரை கோப்புகளோடு மல்லுக்கட்டுகிறார்.

"எல்லோரிடமும் நல்ல பெயரோடு இருந்தால்தானே ஐயா வேலை நடக்கும்?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

பயம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்கும் தெரியும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி கல்லூரி முதல்வருக்கு ஐந்து ஆண்டுகள். செயல்பாட்டைப் பொறுத்து மேலும் ஐந்து கிடைக்கலாம். புலமுதல்வர் பதவியோ பல இடங்களில் பணிமூப்புச் சுழற்சியில் வந்து, மூன்று ஆண்டுகளில் போய்விடும். அதன்பின் அதே ஆசிரியர் அறையில், அதே ஆட்களுக்கு எதிரே உட்கார்ந்துதான் டிபன் பாக்ஸைத் திறக்க வேண்டும். அதனால் யாரையும் பகைக்காமல் காலத்தை ஓட்டிவிட நினைக்கிறார்கள். ஆனால் நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மனுவிலும் யாரோ ஒருவர் ஜெயித்துக்கொண்டுதான் இருக்கிறார். தாமதமாக வருபவர் தொடர்ந்து தாமதமாக வருகிறார். குடியாத்தத்து ஆசிரியை தினமும் விடியலில் அடுப்பை மூட்டுகிறார். ஜவ்வாது மலையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த மாணவன் ஆசிரியர் இல்லாத வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். உங்கள் நல்ல பெயருக்கு விலை கொடுப்பவர்கள் இவர்கள். அந்த நல்ல பெயராவது கிடைத்ததா? இல்லை. "பாவம், நல்ல மனிதர், ஒன்றும் நடக்காது" என்றுதான் கேன்டீனில் பேசிக்கொள்கிறார்கள்.

(தலைமைப் பண்புப் பயிலரங்கு என்றால் சிங்கத்தின் படத்தைத் திரையில் போடுகிறார்கள். கால அட்டவணையை எப்படிக் கையாள்வது என்று ஒருவரும் சொல்லித் தருவதில்லை.)

சில இடங்களில் 'பார்க்கலாம்' என்பது விதிமீறலே ஆகிவிடும். ராகிங் தகவல் வந்தால், குற்ற வழக்குக்கு இடம் இருக்குமானால், நிறுவனத் தலைவர் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் புகார் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன யுஜிசியின் 2009 விதிமுறைகள். முதலில் தகவல் உங்களிடம்தான் வரும். இரு தரப்புப் பெற்றோரையும் அழைத்துப் பஞ்சாயத்து பேசிக்கொண்டு அதை உங்கள் அறையிலேயே நிறுத்தாதீர்கள். அன்றைக்கே எழுத்தில் மேலே அனுப்புங்கள். பாலியல் துன்புறுத்தல் புகாரிலும் அப்படித்தான். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டப்படி அதை விசாரிக்க வேண்டியது நிறுவனத்தின் உள்ளகப் புகார் குழு. சமரசம் என்பது புகார் கொடுத்த பெண் தானாகக் கேட்டால் மட்டுமே. அப்போதும் அதை முன்னெடுப்பது குழுதான், நீங்கள் அல்ல. தயவுசெய்து அங்கே பெரிய மனுஷத்தனம் காட்டாதீர்கள்.

மற்றபடி, கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே பொருள் நிரலை அனுப்புங்கள். யார், என்ன, எந்தத் தேதிக்குள் என்பதைத் தீர்மானத்தில் எழுதி, எல்லோரும் எழுவதற்கு முன்பே வாசித்துவிடுங்கள். மறுப்பதானால் ஆளைத் தனியே அழைத்துக் காரணத்தைச் சொல்லி மறுங்கள். அடுத்தவர் வாயிலாகச் சொல்லி அனுப்ப வேண்டாம். துறைத் தலைவரின் வேலையைத் துறைத் தலைவரிடமே திருப்பி அனுப்புங்கள். வாரம் ஒரு வகுப்பாவது எடுங்கள். கல்லூரியில் என்ன நடக்கிறது என்பதைக் கோப்புகளைவிடப் பிள்ளைகள் முன்னதாகச் சொல்லிவிடுவார்கள்.

நண்பர் ராஜினாமாக் கடிதத்தை இப்போதைக்கு எழுதவில்லை. திங்கட்கிழமை கூட்டம் இருக்கிறது. முதல் பாடவேளையை முதல் பொருளாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் முடிவைக் கேட்டுவிட்டு ஓடட்டும்.