ஆரஞ்சுல போடுறது பூச்சிக்கொல்லி இல்லைங்க, பூசணக்கொல்லி

நேத்து மறுபடி ஒரு வீடியோ. வெளிநாட்டு ஆரஞ்சு பெட்டியில "இமசாலில், தயாபெண்டசோல்"னு அச்சடிச்சிருக்குறத காட்டி "பாருங்க மக்களே, பூச்சிக்கொல்லியில முக்கி அனுப்புறான்"னு ஒருத்தர் கத்துறாரு, சப்டைட்டில்லயும் அதே பூச்சிக்கொல்லி. அந்த ரெண்டையும் பழத்துல போடுறது பூச்சிக்காகவே இல்லங்க, பூசணத்துக்கு.

இந்த மாதிரி மருந்துக்கு இங்கிலீஷ்ல ஃபங்கிசைடுன்னு பேரு, சொல் லத்தீன்ல இருந்து வந்தது. ஃபங்கஸ்னா காளான், பின்னாடி வர்ற சைடு "கொல்றது"ங்கற வினையில இருந்து வந்தது, அவ்ளோதான். இலங்கையில பங்கசுநாசினிம்பாங்க. நம்ம பாடப்புத்தகத்துல பூஞ்சைன்னு இருக்கு, அதோட எனக்கு சண்டை இல்ல, ஆனா பூஞ்சை உடம்புன்னா நோஞ்சான் உடம்புன்னு ஏற்கனவே ஒரு அர்த்தம் இருக்கே. ஊறுகாயில பூசணம் பூத்துருச்சுன்னு சொன்னா எந்த பாட்டிக்கும் புரியும்.

எனக்கு ஆகாதது "காளான்கொல்லி". லத்தீன்லயே காளான்தானே, அதுதான் நேர் மொழிபெயர்ப்புன்னு வாதாடுறாங்க. லத்தீன்காரனுக்கு ஒரே சொல், நமக்கு குடை மாதிரி முளைக்குறது காளான், பழத்துல படியுறது பூசணம், ரெண்டு சொல் கைவசம் இருக்கும்போது எதுக்கு ஒண்ண தூக்கிப் போடணும்? இன்னொண்ணு, சிப்பிக்காளான் வளர்க்குறவங்க நிறைய பேர் வைக்கோல கார்பெண்டாசிமும் ஃபார்மலினும் கலந்த தண்ணியில ஊற வைப்பாங்க, வேற பூசணம் வந்து காளானக் கெடுத்துடக் கூடாதுன்னு. கார்பெண்டாசிம் ஒரு ஃபங்கிசைடு. காளான வளர்க்க காளான்கொல்லின்னு எழுதுனா அந்த விவசாயி டப்பாவப் பாத்து என்ன நினைப்பாரு? அகராதிய மட்டும் பாத்து சொல் செய்யுறவங்க ஒருநாள் காளான் கொட்டகைக்குள்ள போயி நின்னு பாக்கணும்.

பழத்துல நடக்குறதையும் பாருங்க. பறிக்கும்போது நகம் பட்டு ஒரு சின்ன கீறல், அது போதும். ரெண்டு மூணு நாள்ல அந்த இடம் கொழகொழன்னு ஆகி விரல் வச்சா உள்ள போகும், மேல வெள்ளையா படரும், நடுவுல பச்சைப் பொடி, தொட்டா புகை மாதிரி கிளம்பும். அது பெனிசிலியம் டிஜிடேட்டம்ங்கற பூசணம், நீலமா வந்தா பெனிசிலியம் இட்டாலிகம். கலிஃபோர்னியாவோ ஸ்பெயினோ, கப்பல்ல வாரக்கணக்கா வரணும், அதனால பழத்த கழுவி மருந்துத் தண்ணியில நனைப்பாங்க, இல்லன்னா மெழுகோட கலந்து பூசுவாங்க. இமசாலில் பூசணத்தோட செல் சவ்வ உருவாக விடாது, தயாபெண்டசோல் செல் பிரியுறத நிறுத்தும்.

முழுசா கொல்லாம வளரவிடாம பிடிச்சு வைக்குறதும் இதுல உண்டுங்கறதால "பூசணத்தடுப்பு"ன்னு சொன்னாலும் ஏத்துக்குவேன். ஜப்பான்ல 1975ல அமெரிக்க பழத்துல ஓபிபி (ஆர்த்தோஃபீனைல்ஃபீனால்)ங்கற பூசண மருந்து இருக்குன்னு பெரிய பிரச்சனை ஆச்சு, 1977ல அனுமதி குடுத்தாங்க. அங்க அறுவடைக்கு அப்புறம் போடுற இந்த மருந்துங்க உணவுச் சேர்க்கைப் பொருள் கணக்குல வரும், பேரே பூசணத்தடுப்புங்கற அர்த்தத்துலதான்.

மருந்துக்கு வக்காலத்து வாங்கல நான். எவ்ளோ இருக்கு, எங்க இருக்குன்னு கேக்கணும். பெரும்பாலும் தோல்லதான் நிக்கும். ஐரோப்பாவுல இருக்குற நம்ம ஆளுங்க கடை எலுமிச்சைய தோலோட ஊறுகாய் போடும்போது, மருந்து போட்டதுன்னு லேபிள்ல இருக்கான்னு பாத்துட்டு, போடாததா பாத்து வாங்கட்டும்.