ஹெட்லைட்டுக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது?

புரொஜெக்டர் (ஒளியைக் குவித்து வீசும் லென்ஸ் அமைப்பு) பொருத்துவதற்காகவோ, உட்பகுதிக்குக் கறுப்பு வண்ணம் பூசுவதற்காகவோ காரின் ஹெட்லைட்டைத் திறப்பவர்கள், மூடும்போது ஒரே முடிவோடுதான் மூடுகிறார்கள்: இனி இதற்குள் காற்றுகூடப் போகக் கூடாது. கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் சிலிக்கோனைப் பிதுக்கி அடைக்கிறார்கள். அப்படியும் முதல் பெருமழைக்கே லென்ஸின் உட்புறம் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கிறது. பசை போதவில்லை என்று நினைத்து மேலும் பூசுகிறார்கள். குறை பசையின் அளவில் இல்லை. விளக்குக்குள் அடைபட்ட காற்று என்ன செய்கிறது என்று பார்த்தால்தான், எதை அடைக்க வேண்டும், எதைத் திறந்துவிட வேண்டும் என்பது விளங்கும்.

ஐந்து லிட்டர் காற்று கொள்ளும் ஒரு ஹெட்லைட்டை எடுத்துக்கொள்வோம். வண்டி நிற்கும்போது உள்ளே 20 டிகிரி செல்சியஸ். விளக்கு எரிந்து, எஞ்சினின் சூடும் சேர்ந்ததும் 60 டிகிரி. அழுத்தம் மாறாதவரை வாயுவின் கன அளவு தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அந்த 20 டிகிரி, தனி வெப்பநிலையில் 293 கெல்வின்; 60 டிகிரி, 333 கெல்வின். 293 கெல்வின் 333 ஆகும்போது காற்று சுமார் 14 சதவீதம் விரிகிறது. ஏறக்குறைய 700 மில்லிலிட்டர் வெளியேற வழி தேடுகிறது. வழியே இல்லாமல் அடைத்துவிட்டால் உள் அழுத்தம் 0.14 வளிமண்டலம் கூடும். பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் 30 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் உயரமும் உள்ள லென்ஸின் மீது அதைக் கணக்கிட்டால், 80 கிலோவுக்கு மேற்பட்ட எடை உள்ளிருந்து தள்ளுவதற்குச் சமம். ஒவ்வொரு பயணத்திலும் இப்படித் தள்ளினால் ஒட்டின் மிகப் பலவீனமான புள்ளி எதுவோ அது விட்டுக்கொடுக்கும்.

அடுத்து நடப்பதுதான் முக்கியம். சூடான விளக்கின் மீது மழை அடிக்கிறது. காற்று சட்டென்று சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. 0.01 வளிமண்டல வேறுபாடே தண்ணீரைப் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏற்றப் போதும். ஆகவே துளை கீழே இருந்தாலும் தண்ணீர் மேல்நோக்கி ஏறி உள்ளே வரும். மழை ஹெட்லைட்டுக்குள் நுழைவதைவிட, ஹெட்லைட்டே மழையை உறிஞ்சிக்கொள்கிறது என்பதுதான் சரியான விவரிப்பு.

இதனால்தான் தயாரிப்பாளர்கள் பின்பக்கத்தில் காற்றுத்துளைகளை வைக்கிறார்கள். சிலவற்றில் வளைந்த ரப்பர் குழாய். சிலவற்றில் நுண்துளைகள் கொண்ட டெஃப்லான் வகைச் சவ்வு. சவ்வு காற்றையும் நீராவியையும் விடும், நீர்த்துளியை விடாது. விளக்கு மூச்சுவிடும் மூக்கு அது. ஓரத்து ஒட்டின் வேலை, மூச்சை அந்த ஒரு வழியில் மட்டும் போகவைப்பது. உண்மையிலேயே முழுக்க அடைபட்ட ஹெட்லைட்டுகளும் இருந்திருக்கின்றன: 1940இல் அமெரிக்காவில் கட்டாயமான ‘சீல்டு பீம்’ விளக்குகள். கண்ணாடியையே உருக்கி இணைத்தவை என்பதால் அவை தாங்கின. பிளாஸ்டிக்கில் அது நடக்காது.

பிளாஸ்டிக்கின் இன்னொரு குணமும் சேர்கிறது. லென்ஸ் பாலிகார்பனேட், பின்கூடு பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். சூட்டில் இரண்டும் ஒரே அளவு நீள்வதில்லை. அரை மீட்டர் நீளமுள்ள விளக்கில் 50 டிகிரி ஏறினால் லென்ஸ் 1.7 மில்லிமீட்டர் அளவுக்கும், கூடு இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்கும் நீளலாம். நடுவில் இருக்கும் பொருள் இந்த வேறுபாட்டைத் தானே இழுபட்டுச் சமாளிக்க வேண்டும். இறுகிக் கெட்டியாகும் எபாக்சி இங்கே விரிசல்விட்டு, விளிம்பிலிருந்து உரிந்துவரும்.

அதற்குத்தான் பியூட்டைல் ரப்பர். 1937இல் ஸ்டாண்டர்ட் ஆயில் ஆய்வகத்தில் வில்லியம் ஸ்பார்க்ஸும் ராபர்ட் தாமஸும் உருவாக்கிய பொருள் இது. இதன் முக்கிய மூலப்பொருளான ஐசோபியூட்டிலீனின் மெத்தில் குழுக்கள் மூலக்கூறுச் சங்கிலிகளில் மிக நெருக்கமாக அடைந்திருப்பதால் காற்று இதனூடாக மிக மெதுவாகத்தான் ஊடுருவும். டயர் டியூபுகளுக்கு இதைத் தேர்ந்தெடுத்த காரணம் அதுவே. டியூபில் இருப்பது கந்தகம் சேர்த்து இறுக்கப்பட்ட வகை. ஹெட்லைட்டில் இருப்பது இறுக்கப்படாதது. ஆண்டுகள் கடந்தாலும் பிசுபிசுப்பு மாறாதது. சூடாக்கினால் இளகும், ஆறினால் மீண்டும் பிடிக்கும். திறந்து மூடும் கலைக்கே இந்தக் குணம்தான் ஆதாரம். பாலியூரித்தேன் போன்ற நிரந்தரப் பசையால் ஒட்டிய விளக்குகள் சூட்டுக்கு இளகாது. அவற்றை அறுத்துத்தான் திறக்க முடியும். அவற்றைத் தொடாமல் விடுவதே நல்லது என்பது என் கருத்து.

மூடும்போது, லென்ஸின் விளிம்பு உட்காரும் கூட்டின் பள்ளத்தில் இருக்கும் பழைய பியூட்டைலைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். அசிட்டோனோ பெட்ரோலோ பாலிகார்பனேட்டின் மீது பட்டால் நுண்விரிசல்கள் ஓடும். புதிய பியூட்டைல் கயிற்றை இழுக்காமல் பதிக்க வேண்டும். இழுத்துப் பதித்தால் பிறகு அது சுருங்கி இடைவெளி விடும். இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிப் பிசைந்துவிட வேண்டும். அந்த இணைப்பு அடிப்பக்கம் வரக் கூடாது. பிறகு 90 முதல் 100 டிகிரி சூட்டில் சில நிமிடங்கள் வைத்து, கிளிப்புகளும் திருகுகளும் முழுதாக உட்காரும்வரை சுற்றிலும் அழுத்தி, பிடித்த பிடியிலேயே ஆறவிட வேண்டும். பாலிகார்பனேட் 147 டிகிரி அருகில்தான் இளகத் தொடங்கும் என்றாலும், பாலிபுரொப்பிலீன் கூடு அதற்கு வெகு முன்பே வளையும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டுபவர்கள் இழப்பது கூட்டைத்தான்.

சிலிக்கோன் ஏன் வேண்டாம்? பாலிபுரொப்பிலீனின் மேற்பரப்பு ஆற்றல் குறைவு. சிலிக்கோன் அதில் ஊன்றிப் பிடிக்காது. வினிகர் வாடை வீசும் வகை இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். பிரதிபலிப்பானின் அலுமினியப் பூச்சு ஒரு மைக்ரோமீட்டரைவிட மெல்லியது. அந்த ஆவி அதை மங்கவைத்துவிடும். போதாததற்கு, சிலிக்கோன் ஒருமுறை பட்ட பள்ளத்தில் பிறகு பியூட்டைலும் சரியாக ஒட்டாது.

வண்டியில் பொருத்துமுன் சோதித்துவிடுங்கள். காற்றுத்துளைகளைத் தற்காலிகமாக மூடி, ஒன்றில் மட்டும் குழாய் செருகி, வாயால் மெதுவாக ஊதி, ஓரமெங்கும் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வரும் இடம் கசிவைக் காட்டிவிடும். கம்பிரசர் வேண்டாம். முடிந்ததும் மூடிய துளைகளை மறக்காமல் திறக்க வேண்டும். ஒளிக்கற்றையின் உயரத்தையும் சரிபார்த்தாக வேண்டும். எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும் விளக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆபத்தானது.

பிறகும் லேசான பனிப்படலம் தென்பட்டால் உடனே பிரிக்க வேண்டியதில்லை. 30 டிகிரியில் ஈரம் நிறைந்த ஐந்து லிட்டர் காற்றில் சுமார் 0.15 கிராம் நீர் இருக்கும். 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக லென்ஸில் படியும். ஒன்றிரண்டு சொட்டு, அவ்வளவுதான். அது காற்றுத்துளை வழியாகத் தானே வெளியேறும். ஹாலஜனை எடுத்துவிட்டு எல்இடி பொருத்தியிருந்தால் படலம் மறையக் கூடுதல் நேரம் பிடிக்கும், ஏனெனில் எல்இடியின் ஒளியில் லென்ஸைச் சூடாக்கும் அகச்சிவப்பு மிகக் குறைவு. அடியில் தண்ணீர் தேங்கி அலையடித்தால் மட்டும் மறுபடி கழற்றுங்கள்.