குதிரில் எத்தனை மரக்கால் மிச்சம்?

பெர்த்தில் வசிக்கும் வாசகர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். நண்பர்களோடு ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் கானிங் ஸ்டாக் ரூட் போயிருக்கிறார். மேற்கு ஆஸ்திரேலியாவில் விலுனாவிலிருந்து ஹால்ஸ் கிரீக் வரை சுமார் 1850 கிலோமீட்டர் நீளும் மண்பாதை அது. வண்டியின் பின்பக்கம் பிரிட்ஜுக்கென்று தனியாக 100 ஆம்பியர்-மணி (ஒரு ஆம்பியர் வீதம் எடுத்தால் நூறு மணி நேரம் வரும்) லித்தியம் பேட்டரி வைத்திருந்தார். ஒருநாள் ஓட்டம் இல்லாமல் முகாமிலேயே ஓய்வெடுத்துவிட்டு, இரவு படுக்கும்போது மீட்டரைப் பார்த்தால் 13 வோல்ட். 12 வோல்ட் பேட்டரியில் 13 இருந்தால் நிறைந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? காலையில் பிரிட்ஜ் நின்றிருந்தது. மதியத்துக்குள் இறைச்சி முழுவதையும் தூக்கி எறிய வேண்டியதாயிற்று. "மீட்டர் பொய் சொன்னதா?" என்று கேட்கிறார்.

மீட்டர் சரியாகத்தான் சொன்னது. வோல்ட்டை வைத்து மிச்சத்தை ஊகித்ததில்தான் பிழை.

இரண்டு பேட்டரி எதற்கு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்ஜினைக் கிளப்பும் பேட்டரி சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுக்கப் பிறந்தது. இரவெல்லாம் பிரிட்ஜுக்கு மெல்லக் கொடுப்பது வேறு வேலை, அதற்கு வேறு பேட்டரி. வண்டி ஓடும்போது இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் இரண்டையும் நிரப்பும், நின்றதும் நடுவில் உள்ள கருவி இரண்டையும் பிரித்துவிடும். பிரிட்ஜ் எவ்வளவு குடித்தாலும் காலையில் வண்டி கிளம்பும். அந்த வகையில் நம் வாசகர் தப்பித்தார்.

சரி, மிச்சத்துக்கு வருவோம். பழைய ஈய-அமில பேட்டரியில் வோல்ட் ஓரளவு துப்புக் கொடுக்கும். சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தால், முழுசாக இருக்கும்போது 12.7, பாதியில் 12.2. இந்த வண்டிகளில் வழக்கமாக வைக்கும் லித்தியம் வகையான லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் அதுவும் கிடையாது. 90 சதவீதத்திலிருந்து 30 வரை இறங்கினாலும் வோல்ட் சுமார் 0.2 அளவுக்குத்தான் குறையும். பிரிட்ஜின் கம்ப்ரஸர் ஓடுகிறதா நிற்கிறதா என்பதே அதில் பாதியை விழுங்கிவிடும். அவர் பார்த்த 13 வோல்ட், அநேகமாகக் கால்பங்கோ அதற்கும் கீழோ.

அந்தக் காலத்து வீடுகளில் நெல் கொட்டி வைக்க மண்ணால் செய்த குதிர் ஒன்று இருக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே தட்டிப் பார்த்து உள்ளே எவ்வளவு என்று சொல்ல முடியாது. போட்டது எத்தனை மரக்கால், எடுத்தது எத்தனை மரக்கால் என்று கணக்கு வைத்தால் சொல்லலாம். நல்ல பேட்டரி மானிட்டர் செய்வது இதைத்தான். உள்ளே போகும், வெளியே வரும் மின்னோட்டத்தை ஓயாமல் அளந்து கூட்டிக் கழிக்கிறது. அளக்கும் மரக்காலுக்கு ஷன்ட் என்று பெயர்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையை ஒட்டி, இரண்டு பித்தளைக் கட்டிகளுக்கு நடுவே சில உலோகப் பட்டைகள், அவ்வளவுதான் ஷன்ட். பார்த்தால் யாரும் மதிக்கமாட்டார்கள். எனக்கோ இந்த ஏற்பாடு முழுவதிலும் மிகப் பிடித்த பொருள் இதுதான். மின்னோட்டம் இதன் வழியே ஓடும்போது இரு முனைகளுக்கும் நடுவே ஒரு சிறு வோல்ட் வித்தியாசம் விழும், அதை அளந்தால் மின்னோட்டம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். பரவலாக விற்கும் ஒரு வகையில் 500 ஆம்பியர் ஓடினால் 50 மில்லிவோல்ட் விழும். அதாவது அதன் மின்தடை ஓமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பிரிட்ஜ் 4 ஆம்பியர் இழுத்தால் 0.4 மில்லிவோல்ட். ஏதோ ஒரு சிறு விளக்கு 20 மில்லிஆம்பியர் இழுத்தால் வெறும் 2 மைக்ரோவோல்ட்!

இவ்வளவு சிறியதை அளக்கும்போது எல்லாமே எதிரி. போல்ட்டை இறுக்கிய இடத்தில் உள்ள தடையே ஷன்ட்டின் தடையைவிடக் கூடுதலாக இருக்கலாம். அதனால் மின்னோட்டம் பெரிய போல்ட்டுகள் வழியே போகும், அளக்கும் கம்பிகள் மட்டும் உள்பக்கம் தனிச் சிறு திருகுகளில் இருக்கும். இதற்குக் கெல்வின் இணைப்பு என்று பெயர்.

அடுத்த எதிரி வெயில். செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் ஏறும். செம்பில் ஷன்ட் செய்தால், பாலைவனக் குளிரில் விடிந்து நண்பகலில் 40 டிகிரி கூடியதும் கணக்கு 16 சதவீதம் தப்பிவிடும். கான்ஸ்டன்டன் என்ற கலப்புலோகத்தின் தடை வெப்பத்தில் அவ்வளவாக மாறாது. ஆனால் அது செம்பைத் தொடும் இடத்தில், வெப்ப வித்தியாசம் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 40 மைக்ரோவோல்ட்டைத் தானே உண்டாக்கும். ஷன்ட்டின் ஒரு முனை மற்றதைவிட 5 டிகிரி சூடானால் 200 மைக்ரோவோல்ட். எதுவுமே ஓடாதபோது 2 ஆம்பியர் ஓடுவதாக மீட்டர் காட்டும்!

இரண்டு தொல்லையும் இல்லாத உலோகம் மாங்கனின். செம்பு சுமார் 84 சதவீதம், மாங்கனீசு 12, மிச்சம் நிக்கல். எட்வர்ட் வெஸ்டன் 1892-இல் கண்டுபிடித்தது. வெப்பம் ஏறினாலும் தடை ஏறக்குறைய அப்படியே நிற்கும். செம்போடு சேர்த்தாலும் அந்தக் கள்ள வோல்ட் மிக மிகக் குறைவு. ராக்கெட்டுக்குப் பணம் கேட்டால் கொடுப்பவர்கள், ஒரு உலோகத்தின் தடை வெயிலில் மாறுகிறதா என்று பார்க்கப் பணம் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. அந்த ராக்கெட்டுக்குள் இருக்கும் அளவுகோல்களும் இப்படி ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து பார்த்ததால்தான் வந்தவை.

மரக்கால் எவ்வளவு நல்லதானாலும் ஒவ்வொரு முறையும் ஓரிரு நெல்மணி சிந்தும். 0.05 ஆம்பியர் பிழை ஒரு நாளில் 1.2 ஆம்பியர்-மணி, பத்து நாளில் 12. அதனால் மானிட்டர் பேட்டரி நிறையும் தருணத்துக்காகக் காத்திருக்கும். வோல்ட் உச்சத்தில் இருக்கிறது, உள்ளே போகும் மின்னோட்டமோ வடிந்து சொற்பமாகிவிட்டது, சில நிமிடங்கள் அப்படியே நீடிக்கிறது என்றால் 'நிறைந்தது' என்று முடிவு செய்து 100-இலிருந்து புதுக்கணக்குத் தொடங்கும். பல நாள் முழுதாக நிறையாமலே ஓடிய வண்டியில் சதவீதத்தை நம்பாதீர்கள்.

பெர்த் வாசகர் இப்போது ஷன்ட் வாங்கிவிட்டாராம். அவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஷன்ட்டைத் தவிர வேறு ஒரு கம்பியும் இருக்கக் கூடாது. பிரிட்ஜ், சோலார், வண்டியின் பாடிக்குப் போகும் எர்த், எல்லாம் ஷன்ட்டின் மறுபக்கத்தில்தான். கிளம்பும் முன் இன்ஜின், சோலார் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு பிரிட்ஜை மட்டும் போடுங்கள். கம்ப்ரஸர் உறுமத் தொடங்கியதும் திரையில் கழித்தல் குறியோடு 3, 4 ஆம்பியர் தெரிய வேண்டும். சுழியம் காட்டினால் பிரிட்ஜின் கம்பி தவறான பக்கத்தில் இருக்கிறது.